கடல்தரைக்கும் வயசாகும்

கடலூர் துறைமுகத்திலிருந்து நேர் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் அந்தமானில் போய் முட்டுவோம். கடலூரும் போர்ட் பிளேரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், சுமார் 1,400 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மேலே வழிநெடுகத் தண்ணீர்தான். அதற்கடியில், இந்த ஒரே கோட்டில், கடல்தரை பிறப்பதும் முதிர்வதும் புதைவதும் பூமிக்குள் போய் மறைவதும் அடுத்தடுத்து நடந்துகொண்டிருக்கின்றன. வரிசைதான் கலைந்து கிடக்கிறது. கடலூர்ப் பக்கம் இருப்பது கிழத் தரை. அந்தமானுக்குச் சற்று மேற்கே தரை பூமிக்குள் இறங்குகிறது. அந்தமானைத் தாண்டிக் கிழக்கே போனால் புதுத் தரை பிறக்கிறது.

கரையை விட்டதும் முதல் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஆழம் பெரிதாக ஒன்றுமில்லை. தேவனாம்பட்டினத்துக்காரர்களும் பரங்கிப்பேட்டைக்காரர்களும் வலை விடுவது பெரும்பாலும் இந்தக் கண்டத்திட்டின் மேல்தான். அடியில் கிடப்பதும் நம் ஊர்ப் பாறையின் தொடர்ச்சியே. திட்டு முடிகிற இடத்தில் தரை சரிந்து 3,000 மீட்டருக்கும் கீழே போகிறது. சரிவு முடிந்து சமதளமான ஆழ்கடல் தொடங்கும்போது கண்டத்துப் பாறையும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கீழே இருப்பது பசால்ட் எனும் எரிமலைக் கல். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்து பிரிந்தபோது, 12, 13 கோடி ஆண்டுகளுக்கு முன், நடுவில் விழுந்த பிளவில் லாவாவாகப் பொங்கி உறைந்த கல் அது. அதன்மேல் தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதோடு சேர்ந்து வடக்கிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் தள்ளிவிட்ட இமயமலை மண். கிலோமீட்டர் கணக்கில் துளைத்தால்தான் கல்லின் தலை தெரியும்.

அந்தக் கல் இன்று எப்படி இருக்கிறதோ, பிறந்தபோது அப்படி இல்லை. எடை, கடினம், நிறம், காந்தம், உள்ளிருக்கும் நீர், கரி என்று எல்லாமே மாறியிருக்கின்றன. ஆனால் 12 கோடி ஆண்டுகளும் சீராக மாறிக்கொண்டே வந்தது என்று நினைத்தால் தவறு. பெரும்பாலான மாற்றம் குழந்தைப் பருவத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதைச் செய்தது கடல்நீர். இதை ஒப்புக்கொள்ள நிலவியலாளர்களுக்கே சில பத்தாண்டுகள் பிடித்தன.

பிறக்கும் தரையைப் பார்க்க இந்தியாவுக்கு அருகே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அந்தமான் கடல். போர்ட் பிளேருக்குக் கிழக்கே, சற்றுத் தெற்காக, சுமார் 40 லட்சம் ஆண்டுகளாகத் தரை பிளந்து விரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் பர்மாவின் ஐராவதி ஆறு அங்கும் வண்டலைக் கொண்டுவந்து குவிப்பதால் கல்லை வெறுமையாகப் பார்க்க முடிவதில்லை. மற்றொன்று அரபிக்கடலின் தென்பகுதியில் இருக்கும் கார்ல்ஸ்பெர்க் முகடு. ஆம், பீர் கம்பெனியின் பெயர்தான். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றி ஆய்வு செய்த ‘டானா’ என்ற டென்மார்க் கப்பல்தான் இந்த முகட்டைக் கண்டது. செலவை ஏற்றது அந்த ஆலையின் முதலாளி ஏற்படுத்திய அறக்கட்டளை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர் பெயரை ஒரு மலைத்தொடருக்கே வைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே தரை ஆண்டுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வீதம் விலகுகிறது. விலகும் இடைவெளியைக் கீழிருந்து மேக்மா வந்து நிரப்புகிறது.

கிட்டத்தட்ட 1,200 டிகிரி சூட்டில் வெளியே வரும் லாவா, 2 டிகிரிக் குளிரில் கிடக்கும் நீரைத் தொடுகிறது. தொட்ட நொடியிலேயே மேல்தோல் உறைந்துவிடும். படிகமாக அடுக்கிக்கொள்ள அணுக்களுக்கு நேரமே கிடைக்காததால் அந்தத் தோல் கண்ணாடியாகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கறுகறுவென்று பளபளக்கும். உள்ளே இன்னும் உருகியே இருக்கும் லாவா அழுத்த, தோல் ஓரிடத்தில் விரிய, அந்த வழியே பிதுங்கி அடுத்த உருண்டை பிறக்கிறது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும் உருண்டைகளைத் தலையணை லாவா என்கிறார்கள். குளிரும்போது ஒவ்வொரு தலையணையும் சுருங்கி வெடிக்கிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதுமில்லை. ஆகவே பிறந்த தரையின் மேற்பகுதியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை வெறும் சந்தும் பொந்தும் விரிசலும்தான். இந்த லாவாப் படலம் அரை கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கு மேல். அதன் கீழே மேக்மா ஏறி வந்த வழிகளிலேயே உறைந்து செங்குத்துத் தகடுகளாக நிற்கும் பாறை. அதற்கும் கீழே நிதானமாகக் குளிர்ந்து பெரிய படிகங்களாக உருவான காப்ரோ. எல்லாம் சேர்த்து ஆறு, ஏழு கிலோமீட்டர்தான் கடலடி மேலோடு. கண்டத்து மேலோட்டின் தடிப்பில் இது ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

சந்து இருந்தால் தண்ணீர் போகும். கீழே சூடு இருந்தால் அது திரும்பி வரும். முகட்டின் உச்சியில், மேக்மாவுக்கு மிக அருகே, கடல்நீர் 350, 400 டிகிரிவரை சூடாகிறது. மேலிருக்கும் நீரின் பாரத்தால் கொதிக்காமலே அந்தச் சூட்டை எட்டுகிறது. தன்னிடமிருந்த மக்னீசியத்தைக் கல்லிடம் விட்டுவிட்டு, அமிலமாக மாறி, கல்லிலிருக்கும் இரும்பையும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு மேலே பாய்கிறது. 1977-இல் கலாபகோஸ் அருகே வெதுவெதுப்பான ஊற்றுகளும் 1979-இல் மெக்சிகோவுக்கு அப்பால் கரும்புகை கக்கும் ஊற்றுகளும் தெரியவந்தபோது உலகமே வாய் பிளந்தது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் இப்படியோர் ஊற்றைப் படம்பிடித்த செய்தி 2024 டிசம்பரில் வந்தது.

பாடப்புத்தகங்களிலும் ஆவணப்படங்களிலும் இடம்பிடிப்பவை இந்த ஊற்றுகள்தான். கல்லின் மூப்பைப் பொறுத்தவரை இவை வாசலில் அடிக்கும் மேளம். முக்கியமான வேலை முகட்டை விட்டு விலகிப் போன பிறகு, இளஞ்சூட்டில், சத்தமில்லாமல், யாரும் கேமராவோடு போகாத இடத்தில் நடக்கிறது.

அது நடக்கிறது என்பதே ஒரு கணக்கு உதைத்ததால்தான் தெரிந்தது. சூடான பாறைத் தட்டு இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும், ஆகவே அதன் மேற்பரப்பில் இவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டும் என்று தாளில் போட்டுப் பார்க்கலாம். கடல்தரைச் சேற்றில் வெப்பமானியைச் செருகி அளந்தும் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அளந்தது எப்போதும் குறைவாகவே இருந்தது. தரையின் வயது ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டை எட்டும்வரை இந்தத் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. காணாமல் போன வெப்பத்தைத் தண்ணீர் சுமந்துகொண்டு போயிருக்கிறது. கரோல் ஸ்டைனும் சேத் ஸ்டைனும் 1994-இல் போட்ட மதிப்பீட்டின்படி, கடல்தரை வழியாக வெளியேறும் மொத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படி நீரோடு போகிறது. அதிலும் சுமார் 70 சதவீதம் 10 லட்சம் ஆண்டுக்கு மேல் வயதான தரையிலிருந்து போகிறது. புகையும் ஊற்றுகளின் பங்கு எவ்வளவு சின்னது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

தரையின்மேல் சேறு படிந்து மூடிய பிறகு நீர் எப்படி உள்ளே போகிறது? களிமண் சேற்றைத் துளைத்துக்கொண்டு அது போவதில்லை. சேற்றுக்கு மேலே தலைநீட்டும் கடலடிக் குன்றுகள் வாசல்களாகின்றன. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், 35 லட்சம் ஆண்டு வயதுள்ள தரையில் இரண்டு சிறு குன்றுகள் இருக்கின்றன. ஒன்றில் நுழையும் கடல்நீர், சேற்றுக்கு அடியில் பசால்ட்டின் சந்துகளிலேயே ஓடி, 52 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மற்றொன்றில் வெளியே வருகிறது என்று 2003-இல் காட்டினார்கள். கடலூரிலிருந்து சிதம்பரத்தையும் தாண்டிப் போகிற தூரம் அது. உலகம் முழுக்க இப்படி ஓடும் நீரைக் கூட்டினால், சில லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல் முழுவதும் தன் தரைக்குள் ஒருதரம் புகுந்து வெளியேறிவிடுகிறது. கடல்நீரின் உப்புக் கணக்கை ஆறுகள் மட்டும் எழுதுவதில்லை.

தண்ணீர் போகும் இடத்தில் கல் என்ன ஆகிறது? ஆழ்கடலில் துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். தென் அமெரிக்காவுக்கு மேற்கே, சுமார் 60 லட்சம் ஆண்டு வயதுள்ள தரையில் 504பி என்று ஒரு துளை இருக்கிறது. 1979-இல் தொடங்கினார்கள். கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்து அதே துளைக்குள் குழாயை இறக்கி 1993-க்குள் 2,111 மீட்டர் ஆழம் போனார்கள். அப்படி வந்த ஒரு தலையணை லாவாத் துண்டை நெடுக அறுத்து, நனைத்து வைத்துப் பார்த்தால் வரலாறு வெளிச்சமாகத் தெரியும். ஓரத்தில் கறுப்புக் கண்ணாடித் தோல். அதன் விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு பட்டை. கண்ணாடி நீரை உறிஞ்சிப் பாலகோனைட்டாக மாறியிருக்கிறது. உள்ளே போகப்போகச் சாம்பல் நிறப் பசால்ட். அதைக் குறுக்கே வெட்டும் ஒரு நரம்பு, நூல் தடிப்பில். நரம்பின் இருபுறமும் ஒரு விரல் அகலத்துக்குத் துருநிற வளையம். நீரோடு வந்த ஆக்சிஜன் கல்லின் இரும்பைப் பிடித்துக்கொண்ட இடம் அது. கடலூர்க் கேப்பர் மலையின் மணற்கல்லுக்குச் சிவப்பைக் கொடுத்ததும் இதே வேதியியல்தான், வானத்தின் கீழே நடந்தது என்பதே வித்தியாசம். இனி நரம்பின் நடுவே உற்றுப் பார்க்க வேண்டும். சுவரோரம் செலடோனைட் என்ற பச்சைக் கனிமம், அதன்மேல் துரு, அதன்மேல் சப்போனைட் களிமண், கடைசியாக நட்டநடுவில் வெள்ளைக் கால்சைட். ஆக்சிஜன் நிறைந்த குளிர்நீர் முதலில் வந்தது, பிறகு வரத்து குறைந்து ஆக்சிஜன் தீர்ந்த நீர் தேங்கியது, கடைசியில் சுண்ணாம்பு படிந்து வழி அடைபட்டது. மூன்று மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் வரிசை இது.

நீர் கரைத்துக் கொண்டுவந்ததை வெற்றிடத்தில் இறக்கி நிரப்பும் இந்த வேலையை நிலத்தில் பார்க்க ஆசைப்படுவோருக்கு விழுப்புரம் பக்கம் திருவக்கரை இருக்கிறது. அங்கே மரத்தின் அணுஅணுவான துளைகளில் சிலிக்கா புகுந்து மரத்தையே கல்லாக்கிவிட்டது. அதைப் பொதித்து வைத்திருப்பதும் கடலூர் மணற்கல்தான்.

கண்ணாடித் தோலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. விரிசலிலிருந்து உள்நோக்கி, மயிரிழையைவிட மெல்லிய குடைவுகள். நுண்ணுயிர்கள் கண்ணாடியை அரித்துச் சென்ற தடம் என்று பலர் கருதுகிறார்கள். வெறும் வேதிவினையே இப்படிக் குடையும் என்று வாதாடுவோரும் உண்டு. பசால்ட்டின் சந்துகளில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

இந்த அடைப்பு எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதில்தான் நீண்ட நாள் குழப்பம். துளைகள் சில. கடலோ பெரிது. ஆகவே கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, அது பாறையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். விரிசல் நிறைந்த பாறையில் ஒலி மெதுவாக ஓடும், இறுகிய பாறையில் விரைந்தோடும். பிறந்த தரையின் மேற்பகுதியில் அந்த வேகம் நொடிக்கு 2.2 கிலோமீட்டர் அளவில்தான். முதிர்ந்த தரையில் 4.5 வரை. 1976-இல் ஹௌட்ஸும் யூயிங்கும் அன்றிருந்த அளவீடுகளைத் தொகுத்து, இந்த உயர்வு சுமார் 4 கோடி ஆண்டுகள் மெல்ல மெல்ல நடக்கிறது என்றார்கள். தொண்ணூறுகளில் கருவிகள் கூர்மையானபோது கதை மாறியது. உயர்வில் பெரும்பகுதி முதல் ஒரு கோடி ஆண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

அப்படியானால் வெப்பக் கணக்கை என்ன செய்வது? ஒரு கோடியிலேயே எல்லாம் அடைபட்டுவிட்டால் 6.5 கோடிவரை தண்ணீர் எப்படி ஓடுகிறது? இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் விஷயத்தின் சுவை. சாந்து இல்லாமல் அடுக்கிய கருங்கல் வேலியை எண்ணிப் பாருங்கள். கை வைத்தால் ஆடும். கல்லும் கல்லும் தொடுகிற இடங்களில் மட்டும் ஒரு கரண்டி சிமென்ட் வைத்தால் போதும், வேலி அசையாது. ஆனால் பெரிய பொந்துகள் அப்படியேதான் இருக்கும், ஓணான் போய்வரும். கடல்தரையிலும் முதலில் நிரம்புவது மயிரிழை விரிசல்களும் தலையணைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களும்தான். கொஞ்சம் களிமண்ணிலேயே கல் இறுகிவிடுகிறது, ஒலியின் வேகம் ஏறிவிடுகிறது. பெரிய வழிகளில் நீர் இன்னும் பல கோடி ஆண்டுகள் ஓடுகிறது. ஒலியை மட்டும் கேட்டவர்கள் ஒரு வயதைச் சொன்னார்கள், வெப்பத்தை மட்டும் அளந்தவர்கள் வேறொரு வயதைச் சொன்னார்கள். கல்லுக்குப் பல வயது.

அதன் எடைக்கும் ஆழத்துக்கும் தனிக் கணக்கு உண்டு, அது தண்ணீரைப் பார்த்து நடப்பதில்லை. தட்டு குளிர்ந்து சுருங்குகிறது, அடியில் தடிக்கிறது, கனத்துத் தாழ்கிறது. 1977-இல் பார்சன்ஸும் ஸ்க்லேட்டரும் கொடுத்த சூத்திரம் இது: முகட்டில் ஆழம் 2,500 மீட்டர். வயதை 10 லட்சம் ஆண்டுகளில் எண்ணி, அதன் வர்க்கமூலத்தை 350-ஆல் பெருக்கிக் கூட்டினால் அந்த இடத்தின் ஆழம் மீட்டரில் கிடைக்கும். 10 லட்சம் ஆண்டில் 350 மீட்டர் இறக்கம். 40 லட்சத்தில் 700. 6.4 கோடியில் 2,800. முதல் 40 லட்சம் ஆண்டில் இறங்கியதில் நான்கு மடங்கு இறங்க, பதினாறு மடங்கு காலம் வேண்டும். இங்கேயும் இளமையில்தான் வேகம். சுமார் 7 கோடி ஆண்டுக்குப் பிறகு இறக்கமும் மட்டுப்படுகிறது. இந்தக் கணக்குப்படி கடலூருக்கு அப்பாலுள்ள 12 கோடி வயதுத் தரை ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் கீழே கிடக்க வேண்டும். ஆனால் அங்கே கடலின் ஆழம் மூன்றரைக் கிலோமீட்டர் அளவில்தான். கல் கீழேதான் கிடக்கிறது. அதன்மேல் ஏறியுள்ள வண்டல் பள்ளத்தைத் தூர்த்துவிட்டது, தன் பாரத்தால் கல்லை இன்னும் அமுக்கியும் விட்டது.

கல்லின் வயதைக் காந்தத்தை வைத்துச் சொல்லும் வித்தைக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் பழைய உறவு. 1962-இல் ‘ஓவன்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் கார்ல்ஸ்பெர்க் முகட்டின்மேல் காந்த அளவீடு செய்தது. அதை வைத்துக்கொண்டுதான் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூஸும் 1963-இல் தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்கள். பூமியின் காந்தம் வடக்கு தெற்காகப் புரளும் ஒவ்வொரு முறையும் அதன் பதிவு உறையும் லாவாவில் விழுகிறது, தரை விலக விலக அது வரிவரியாக விரிகிறது என்பது அவர்கள் சொன்னது. ஆனால் மூப்பு இந்தப் பதிவையும் விடுவதில்லை. காந்தத்தைத் தாங்கும் டைட்டானியம் கலந்த மேக்னடைட், நீரிலுள்ள ஆக்சிஜனால் மேக்ஹெமைட்டாக மாறுகிறது. அதனால் காந்தம் மங்குகிறது, அதுவும் முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே. வங்கக்கடலுக்கு இன்னொரு கேடும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 12.1 கோடியிலிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை பூமியின் காந்தம் புரளவே இல்லை. அந்தக் காலத்தில் பிறந்த தரையில் வரியே கிடையாது. வங்கக்கடலின் பெரும்பகுதி அப்போதுதான் திறந்தது. இருந்தும், கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் எம்.வி. ரமணாவும் சகாக்களும் 1994-இல், நம் கரையோரத் தரையில் அதற்கு முந்தைய காலத்து வரிகள் தெரிகின்றன என்று காட்டினார்கள். அதை எல்லாரும் ஏற்றுவிடவில்லை. பல கிலோமீட்டர் வண்டலுக்கு அடியிலிருந்து வரும் மங்கிய குரல் அது, இன்னார் குரல் என்று அடித்துச் சொல்வது கடினம்.

வண்டல் ஏறியதும் மூப்பின் போக்கே மாறுகிறது. கம்பளி போர்த்தியதுபோல் சூடு அடியில் தங்குவதால், குளிர்நீர் ஓடிய காலத்தில் சில டிகிரியில் இருந்த பசால்ட், கிலோமீட்டர் கணக்கான சேற்றுக்கு அடியில் நூறு டிகிரியையும் தாண்டிவிடும். கனிமங்கள் வேறு கனிமங்களாக மாறுகின்றன, மிச்சமிருக்கும் சந்துகள் இறுகுகின்றன. இங்கே வேலை செய்வது புதிதாக வரும் கடல்நீர் இல்லை, முன்பே சிறைப்பட்டுக் கிடக்கும் நீர்.

மூப்பில் சேரும் பொருள்களில் கால்சைட்டைத் தனியே பேச வேண்டும், ஏனென்றால் அது கரியமில வாயுவின் கிடங்கு. கடல்நீரில் கரைந்த கரி, பசால்ட்டிலிருந்து வெளிவரும் கால்சியத்தோடு சேர்ந்து நரம்புகளில் உறைகிறது. 2022-இல் தென் அட்லான்டிக்கில் ஒரே கோட்டில் 70 லட்சம் ஆண்டு வயதிலிருந்து 6.1 கோடி ஆண்டு வயதுவரை படிப்படியாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். ஒரே தரையைப் பல வயதில் பார்க்கவே திட்டமிட்ட பயணம் அது. அங்கே 6.1 கோடி ஆண்டு வயதில், கடலடி மலைச்சரிவுகளில் உருண்டு குவிந்த லாவாச் சில்லுகள் சுண்ணாம்பால் ஒட்டிப் பாறையாகிக் கிடந்தன. சாதாரண லாவாவைவிட 2 முதல் 40 மடங்கு கரி அதில் அடங்கியிருந்தது. சில்லுக்குச் சில்லு இடைவெளி அதிகம், அது அடையப் பல கோடி ஆண்டுகள் எடுக்கும். மூப்பு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்ற பேச்சுக்கு இது ஒரு கடிவாளம்.

நம் கரையோரத் தரை பிறந்தது டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியக் காலத்தில். அந்தக் காலத்துக் கடலின் அடிநீர் இன்றைவிடச் சூடு. அந்த வயதுத் தரைகளைத் துளையிட்டுப் பார்த்த இடங்களில் இளம் தரையைவிடச் சுண்ணாம்பு மிக அதிகமாக இருந்திருக்கிறது. கடலூருக்கு அப்பால் புதைந்து கிடப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதே கடலின் ஆழம் குறைந்த மேற்குக் கரையில் படிந்ததுதான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். ஒன்றை நத்தையும் சிப்பியும் செய்தன, மற்றதைக் கல்லே செய்துகொண்டது. ஒன்று சிமென்ட் ஆலைக்குப் போய்த் தன் கரியைக் காற்றில் விடுகிறது. மற்றது அடியிலேயே இருக்கிறது, ஒருநாள் பூமிக்குள் இறங்கும்வரை.

இறங்கும் இடம் நம் கோட்டின் கிழக்குக் கோடி. வண்டலுக்கடியில் புதைந்துபோன ‘தொண்ணூறு பாகை’ என்ற கடலடி முகட்டைத் தாண்டி, அந்தமானுக்கு மேற்கே, 7 கோடி ஆண்டுக்கும் மேல் வயதான தரை வளைந்து கீழே செல்கிறது. தன்னோடு அது கொண்டுபோவது கல்லை மட்டுமில்லை. பசால்ட்டின் கனிமங்களுக்குள் கட்டுண்ட நீரும் உடன் போகிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் சூடும் அந்த நீரைப் பிழிந்தெடுக்கின்றன. நீர் பட்ட பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். அப்படி உருகியதுதான் பேரன் தீவில் எரிமலையாக வெளியே வருகிறது. 1787-இல் அதன் வெடிப்பு முதன்முதலாகப் பதிவானது. நீண்டகாலம் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி விழித்தது. எல்லாத் தரையும் இறங்கிவிடுவதில்லை. தெற்கு அந்தமானிலும் ரட்லாண்ட் தீவிலும் சுமார் 9.5 கோடி ஆண்டு வயதுள்ள கடல்தரைத் துண்டுகள் நசுங்கி நிலமாக எழுந்து நிற்கின்றன. தலையணை லாவாவைக் கால் நனையாமல் பார்க்க இந்தியர்களுக்கு அதைவிட வசதியான இடங்கள் குறைவு.

இனி 2004 டிசம்பர் 26. காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அப்பால் தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் ஓடியது. இரண்டு மணி நேரம் கழித்துச் சற்று நேரத்தில் அலை கடலூர்க் கரைக்கு வந்துவிட்டது. மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோத்திக்குப்பம், பிச்சாவரம் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு என்று அந்தப் பட்டியலை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலநடுக்கவியலாளர்களுக்கு அந்தக் காலை வேறொரு பாடத்தையும் வைத்திருந்தது. 1980-இல் ரஃபும் கானமோரியும் முன்வைத்த ஒரு கருத்து அதுவரை பரவலாக நம்பப்பட்டது. இளம் தரை இலேசானது, எளிதில் இறங்காது, மேல்தட்டோடு இறுக உரசும், ஆகவே வேகமாக வந்தால் மாபெரும் நடுக்கம் வரும். கிழத்தரை கனமானது, தானே மூழ்கிவிடும், உரசல் குறைவு, ஆகவே நடுக்கமும் சிறிது. அந்தமான் பக்கம் தரை வயதானது, வரும் வேகமும் குறைவு. அங்கே 9 என்ற அளவைத் தாண்டும் ஒன்றை அந்தக் கருத்து எதிர்பார்க்கவில்லை. வந்தது 9.1. மூப்பைத் தட்டின் குளிர்ச்சியாகவும் எடையாகவும் மட்டும் பார்த்த கணக்கு அங்கே தோற்றது. இறங்கும் இடத்தில் நடப்பதைத் தீர்மானிக்க வயது மட்டும் போதாது, தரையின்மேல் எவ்வளவு மண் ஏறியிருக்கிறது, அந்த மண்ணுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதும் வேண்டும்.

அதைப் பார்க்கத்தான் 2016-இல் ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ என்ற துளையிடும் கப்பல் வடக்குச் சுமத்ராவுக்கு மேற்கே போனது. இன்னும் பள்ளத்துக்குள் இறங்காத தரையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வண்டலைத் துளைத்து அடியிலிருந்த பசால்ட்டையும் தொட்டார்கள். வந்த மண்ணில் பெரும்பகுதி இமயமலை மண், அதாவது வங்கக்கடல் வழியே கீழே போன மண். 2017-இல் ஆண்ட்ரே ஹூப்பர்ஸ் குழு வெளியிட்ட முடிவு இது: வண்டல் அவ்வளவு தடிப்பாக இருப்பதால் அடிப்பகுதி முன்கூட்டியே சூடாகிறது, அதிலுள்ள சிலிக்கா தன் நீரை இறங்கும் முன்பே இழந்து இறுகிவிடுகிறது. வழுக்க வேண்டிய சேறு கல்லாகிப் போனதால் பிளவு கடல்தரைக்கு மிக அருகே வரை ஏறி உடைய முடிந்தது. மேலே ஏறி உடையும்போது தள்ளப்படும் நீரும் அதிகம், அலையும் பெரிது. தடித்த வண்டலோடு கிழத்தரை இறங்கும் இடங்கள் உலகில் இன்னும் சில உண்டு. அவற்றில் ஒன்று பாகிஸ்தான், ஈரான் கரைக்கு அப்பாலுள்ள மக்ரான். 1945 நவம்பரில் அங்கே 8.1 அளவில் ஒரு நடுக்கம் வந்து, அலை பம்பாய் வரை எட்டியது. அதைவிடப் பெரிதாக மக்ரானில் உடையாது என்று சொல்ல, தரையின் வயதை மட்டும் காட்டுவது இனி ஒரு காரணமாக நிற்காது.